மூன்றாவது பாணி: அலெக் கின்னஸும் பிரிட்டிஷ் நடிப்பு மரபும்

பிரிட்டிஷ் நடிப்பைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் அதை இரண்டு பாணிகளாகப் பிரித்துவிடுவது வழக்கம். முதலாவது குரலின் பாணி. அதற்குத் தலைவர் ஜான் கீல்குட். எலன் டெர்ரியின் குடும்பத்தில் பிறந்தவர். ஷேக்ஸ்பியரின் வரியை எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்பதெல்லாம் அவருக்குப் பரம்பரைச் சொத்து. இரண்டாவது உடலின் பாணி. அதற்கு லாரன்ஸ் ஒலிவியர். பொய்மூக்கும் முதுகுக் கூனும் மாடியிலிருந்து குதிக்கிற துணிச்சலும் அவருடைய ஆயுதங்கள். 1945இல் ஈடிபஸாக நடித்தபோது உண்மை தெரிந்த கணத்தில் அவர் எழுப்பிய அலறல் இன்றும் பேசப்படுகிறது. பனிமேல் தூவிய உப்பை நக்கப்போய் நாக்கு ஒட்டிக்கொண்டு தவிக்கும் கீரியினப் பிராணியை மனத்தில் வைத்துத்தான் அந்த ஓலத்தைப் பிடித்தேன் என்று ஒலிவியரே சொல்லியிருக்கிறார்.

இந்த இரண்டில் எதில் அலெக் கின்னஸை வைப்பது? வேடத்துக்கு வேடம் முகம் மாறுவதால் ஒலிவியர் கட்சி என்பார் சிலர். வளர்த்தெடுத்தவர் கீல்குட் என்பதால் அந்தக் கட்சி என்பார் வேறு சிலர். இரண்டுமே பொருந்தவில்லை என்பதுதான் என் எண்ணம். அவர் கைக்கொண்டது மூன்றாவது ஒன்று. நடிப்பை வெளியே காட்டாமல் பிடித்து வைக்கும் பாணி. அதற்குப் பள்ளிக்கூடம் இல்லை, பாடத்திட்டம் இல்லை. அதற்கு ஏற்ற இடம் எது என்று அவருக்கே தெரிய அறுபத்தைந்து வயது ஆக வேண்டியிருந்தது.

லண்டனில் 1914 ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்தார். பிறப்புச் சான்றில் தந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. தாய் ஆக்னஸ் கஃப். வாடகை பாக்கி வைத்து வீடு வீடாக மாறிய வாழ்க்கை. வங்கிக்காரர் ஒருவர் படிப்புச் செலவைக் கட்டினார். அவர்தான் தந்தையாக இருக்கக்கூடும் என்பது கடைசிவரை ஊகமாகவே நின்றது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு வேறொருவராக மாறுவதில் ஆசை வந்தது என்று எளிதாக எழுதிவிடலாம். பலர் எழுதியும் இருக்கிறார்கள். அதைவிட, தன்னைப் பற்றிய எதையும் எளிதில் வெளியே விடாத ஒரு பழக்கம் சிறுவயதிலேயே வந்துவிட்டது என்று சொல்வது பொருத்தம்.

அக்கால லண்டனில் நடிப்புப் பயிற்சிக்கு இரண்டு பெரிய வாசல்கள் இருந்தன. ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ 1904இல் தொடங்கிய ‘ராடா’ ஒன்று. எல்சி ஃபோகர்ட்டி 1906இல் தொடங்கிய சென்ட்ரல் ஸ்கூல் மற்றொன்று. ஒலிவியரும் பெகி ஆஷ்கிராஃப்டும் அங்கே படித்தவர்கள். விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிக்கொண்டிருந்த கின்னஸ் வேலையை விட்டுவிட்டு ராடாவின் கதவைத் தட்டினார். அந்த ஆண்டு உதவித்தொகை கிடையாது என்று தெரிந்தது. ஃபே காம்ப்டன் நடத்திய சிறிய பள்ளியில் இடம் கிடைத்தது. மார்ட்டிட்டா ஹன்ட் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். பெரிய பள்ளியின் முத்திரை விழாமல் போனது அவருக்கு நன்மையாகவே முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1934இல் கீல்குட் தன் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சிறு வேடத்தைக் கொடுத்தார். ஒத்திகையில் பையன் சோபிக்கவில்லை என்று விரட்டவும் செய்தார். ஒரு வாரம் கழித்துத் திரும்ப அழைத்துக்கொண்டார். குருகுலம் என்றால் இப்படித்தான் போலும். அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் காலத்து முக்கியமான இயக்குநர்கள் எல்லோர் கையிலும் கின்னஸ் பிசையப்பட்டார். பிரான்சிலிருந்து வந்த மிஷேல் சாந்தெனி முகமூடி, உடல் அசைவு என்று கற்பித்தவர். ரஷ்யாவிலிருந்து வந்த கோமிசார்ஜெவ்ஸ்கி, செகாவை எப்படி மெல்லிய குரலில் நடிப்பது என்று ஆங்கிலேயருக்குக் காட்டியவர். லிலியன் பேலிஸ் கட்டிக் காத்த ஓல்ட் விக் அரங்கில் டைரோன் கத்ரி 1938இல் கின்னஸை நவீன உடையில் ஹாம்லெட் ஆக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு அதே வேடத்தில் ஒலிவியர் நடித்தபோது, அவருக்கு முடியாமல் போனால் ஏறுவதற்காகக் காத்திருந்த மாற்று நடிகர் இவர்தான். ஒலிவியரின் துள்ளலும் பாய்ச்சலும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் ஒலிவியரோடு நின்ற ஒரு வேடத்தில்தான் அவருடைய பாணி முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தது. போரில் கடற்படை அதிகாரியாகப் பணியாற்றி, 1943 சிசிலிப் படையெடுப்பில் ஒரு தரையிறங்கு படகுக்குத் தலைமை தாங்கிவிட்டுத் திரும்பியிருந்தார். 1946இல் ஒலிவியர் லியர் அரசன். கின்னஸ் அவனுடைய விதூஷகன். அரசன் புயலோடு மல்லுக்கு நிற்கும்போது இவர் பக்கத்தில் வெளுத்த முகத்தோடு, அதிகம் செய்யாமல் நின்றார். பார்த்தவர்கள் லியரை மெச்சினார்கள், விதூஷகனை மறக்கவில்லை. உரக்க ஒலிக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் அடக்கி வாசிப்பது பயத்தாலும் நேரலாம். கின்னஸ் அதை ஒரு கொள்கையாகவே வைத்துக்கொண்டார்.

திரைப்படம் அவரை முதலில் தவறான காரணத்துக்காகக் கொண்டாடியது. டேவிட் லீன் 1948இல் எடுத்த ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் ஃபேகின் வேடம். டிக்கன்ஸ் நாவலுக்குக் குரூக்ஷாங்க் வரைந்த படங்களைப் பார்த்து ஒப்பனைக்காரர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் பெரிய மூக்கு ஒன்றை ஒட்டினார். யூத இன அழிப்பு நடந்து முடிந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. பெர்லினில் எதிர்ப்புக் கிளம்பியது. அமெரிக்காவில் 1951 வரை படம் வெளிவரவில்லை, வந்தபோதும் வெட்டுப்பட்டே வந்தது. ஒப்பனையே நடிப்பை விழுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வேடம் சாட்சி. (அதே ஃப்ரீபார்ன்தான் பல ஆண்டுகள் கழித்து ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசைப் படங்களில் வரும் யோடாவின் முகத்தையும் உருவாக்கினார்.)

ஈலிங் ஸ்டுடியோவின் நகைச்சுவைப் படங்களில் இந்தக் கோளாறு நேராகியது. 1949இல் ராபர்ட் ஹேமர் இயக்கிய ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனட்ஸ்’ படத்தில் டாஸ்காயின் பிரபுக் குடும்பத்தின் எட்டுப் பேரும் இவரே: வங்கிக்காரர், பாதிரியார், தளபதி, மூழ்கும் கப்பலில் சல்யூட் அடித்தபடி நிற்கும் கடற்படைத் தலைவர், பலூனில் பறக்கும் பெண்மணி. ஒரே சட்டகத்துக்குள் ஆறு பேரை நிறுத்த ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் லென்ஸை ஒவ்வொரு பகுதியாக மறைத்து, ஒரே படச்சுருளை மீண்டும் மீண்டும் ஓடவிட்டார். இந்தச் சாதனையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் ரசிப்பது வேறு. எட்டுப் பேரையும் பிரித்துக் காட்டுவது மீசையும் தொப்பியும் அல்ல, வேகம். பாதிரியார் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் தளபதி மூன்று வாக்கியம் பேசியிருப்பார். ‘லாவண்டர் ஹில் மாப்’, ‘மேன் இன் த ஒயிட் சூட்’, ‘லேடிகில்லர்ஸ்’ என்று வரிசையாக வந்த ஈலிங் படங்களில் வேடம் குறையக் குறைய நடிப்பு கூடியது.

மேடையில் அடி வாங்கியதும் இதே காலத்தில்தான். 1951இல் தானே இயக்கி நடித்த ‘ஹாம்லெட்’ முதல் நாளே குப்புற விழுந்தது. விளக்குகள்கூட நேரம் தவறி எரிந்தன. நாடகத்துக்குள் வரும் நாடகத்தின் அரசனாக நடித்தவர் கென்னத் டைனன், அப்போது இருபத்து நான்கு வயது இளைஞர். அவரை ஒரு விமர்சகர் கிழித்து எழுத, அதற்கு அவர் எழுதிய பதில் கடிதமே அவரைப் பெரிய நாடக விமர்சகராக்கியது. கின்னஸைப் பற்றி முதல் நூலை எழுதியவரும் அவரே.

அடக்கும் பாணி திரையில் முழு உயரத்துக்கு நின்றது 1957இல். ‘பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தில் கர்னல் நிக்கல்சன். கின்னஸ் முதலில் மறுத்தார். ஒப்புக்கொண்ட பிறகும் லீனோடு நாள்தோறும் சண்டை. தகரக் கொட்டடியில் வெயிலில் அடைபட்டுக் கிடந்து, வெளியே வந்து, ஜப்பானிய அதிகாரி சைட்டோவின் அறைக்கு நடந்து போகும் காட்சியைப் பாருங்கள். வசனம் இல்லை. முழங்கால் பூட்டு விலகியதுபோல் கால்கள் தள்ளாடுகின்றன. மேல் உடம்பு மட்டும் அணிவகுப்பில் இருக்கிறது. இளம்பிள்ளை வாதத்திலிருந்து தேறிவந்த தன் மகன் மத்தேயு நடந்த நடையைத்தான் எடுத்துக்கொண்டதாக அவர் பிற்பாடு சொன்னார். எந்தப் பாத்திரத்தையும் நடையிலிருந்து தொடங்குவதுதான் அவர் வழக்கம். அந்த நடை கிடைத்தபின் முகத்தில் அதிகம் எழுத வேண்டியிருக்கவில்லை. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வந்தது. 1959இல் ‘சர்’ பட்டம்.

படப்பிடிப்பு நடந்தது இலங்கையில், கித்துல்கலவில், களனி ஆற்றங்கரையில். கதை நடக்கும் சயாம்–பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தவர்களுக்கு அது தெரியும். லீனின் படத்தில் அவர்கள் இல்லை. நிக்கல்சன் என்ற மனிதனின் தலைக்கனத்தைச் சொல்ல வந்த படம், அவர்களுக்கு ஒரு சட்டகமும் ஒதுக்கவில்லை. கின்னஸின் நடிப்பை வியப்பதற்கு இது தடையில்லை என்றாலும், படத்தைப் போர்க்கால வரலாறாக எண்ணிப் பார்ப்பவர்கள் இதையும் எண்ண வேண்டும்.

லீன் இறுதியாக அவரை அழைத்தது 1984இல், ‘பேசேஜ் டு இந்தியா’வில் பேராசிரியர் காட்போலேயாக. விக்டர் பானர்ஜியும் ரோஷன் சேத்தும் சயீத் ஜாஃப்ரியும் நடிக்கும் படத்தில் முகத்துக்கு நிறம் பூசிக்கொண்ட ஓர் ஆங்கிலேயர் பிராமணராக வந்தார். அவர் பயின்று வைத்திருந்த நடனத்தையும் லீன் வெட்டிவிட்டார். நம் பரத மரபில் சொன்னால் ஆகாரியம் (ஒப்பனையும் உடையும்) மட்டும் மிஞ்சி, சாத்விகம் (உள்ளுணர்வு) போய்விட்ட வேடம். ஃபேகினில் தொடங்கிய தவறு முப்பத்தாறு ஆண்டு கழித்தும் விட்டபாடில்லை.

நடுவே 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஓபி-வான் கெனோபி வேடம். வசனங்களை அவர் மதிக்கவில்லை. ஆனால் லாபத்தில் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டார், அது வாழ்நாள் முழுக்கப் போதுமானதாக இருந்தது. படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகச் சொன்ன ஒரு பையனிடம், இனிப் பார்க்காதே என்று கேட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறார். பையன் அழுதுவிட்டானாம். எரிச்சலில் சொன்னது, ஆனால் ஓபி-வான் கெனோபியை நம்பவைப்பது அந்த வசனங்கள் அல்ல, அவற்றை அவர் பாதிக் குரலில் சொல்லும் விதம்தான் என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

பிறகு வந்தது தொலைக்காட்சி. 1979 செப்டம்பரில் பிபிசி ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’யை ஏழு பகுதிகளாக ஒளிபரப்பியது. போட்டி நிறுவனமான ஐடிவி வேலைநிறுத்தத்தில் மூடிக்கிடந்ததால் பார்வையாளர் கூட்டம் பெருகியது என்பது உண்மை. ஆனால் வேறு வழியில்லாமல் வந்தவர்களும் கதை புரியாமலே ஏழு வாரம் உட்கார்ந்தார்கள். ஜான் லெ காரே எழுதிய ஜார்ஜ் ஸ்மைலி குட்டை, பருமன். நான் அப்படி இல்லையே என்று கின்னஸ் தயங்கினார். அசல் உளவாளி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பிரிட்டிஷ் உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு மதிய உணவுக்கு ஏற்பாடானது. நாவலாசிரியர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நடிகர் அந்த மனிதருடைய காலணியையும் கைப்பட்டனையும் குடையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்மைலி என்ன செய்கிறார்? கேட்கிறார். ஒருவர் பொய் சொல்கிறார்; காமிரா பொய் சொல்பவரைவிட ஸ்மைலியையே அதிகம் பார்க்கிறது. கண்ணாடியைக் கழற்றி டையின் அகன்ற முனையால் துடைக்கிறார். அதற்குள் எதிராளி ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிடுகிறார். மேடையில் இதைச் செய்தால் மூன்றாவது வரிசைக்குமேல் தெரியாது. சினிமாத் திரையில் இரண்டு மணி நேரத்துக்குள் இதற்கு இடம் இல்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் தொடரில், வீட்டுக் கூடத்தில், முகத்துக்கு முகம் பார்க்கும் தொலைவில் மட்டுமே இந்த நடிப்பு நடக்கும். கீல்குட்டின் குரலும் ஒலிவியரின் உடலும் அரங்கின் கடைசி வரிசைக்காகப் பிறந்தவை. இவர் சேமித்து வைத்தது இந்தச் சின்னத் திரைக்காக என்பது அப்போதுதான் தெரிந்தது. 1982இல் ‘ஸ்மைலிஸ் பீப்பிள்’ வந்தது. இரண்டுக்கும் பாஃப்டா விருது. 1980இல் கிடைத்த கௌரவ ஆஸ்கரைவிட இவற்றையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அளவுகோல் என்று பார்த்தால் பிரிட்டிஷ் விமர்சகர்கள் நெடுங்காலம் ஒரு நடிகரின் உயரத்தை அவர் ஏறிய ஷேக்ஸ்பியர் வேடங்களால் அளந்தார்கள். அந்தக் கோலால் அளந்தால் கின்னஸ் இரண்டாம் வரிசைதான். ஹாம்லெட் இரண்டாம் முறை தோற்றுப்போனது, லியரின் விதூஷகனே அவருடைய பெரிய ஷேக்ஸ்பியர் வெற்றி. 1956இல் ராயல் கோர்ட் அரங்கில் ‘லுக் பேக் இன் ஆங்கர்’ நாடகம் வந்த பிறகு இன்னொரு கோல் வந்தது: வட்டார உச்சரிப்பு, தொழிலாளி வர்க்கத்தின் கோபம், ஆல்பர்ட் ஃபின்னி போன்றவர்களின் வேகம். அதிலும் இவருக்கு இடமில்லை. இவரை அளக்க வேண்டிய கோல், பேசாத நேரத்தில் பார்வையாளரை எவ்வளவு யோசிக்கவைக்கிறார் என்பது.

2000 ஆகஸ்ட் 5ஆம் நாள் சசெக்ஸில் காலமானார். அறுபத்திரண்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி மெருலா இரண்டு மாதங்களில் பின்தொடர்ந்தார். மாணவர் என்று யாரையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஆயினும் பரம்பரை இருக்கிறது. 2011இல் ஸ்மைலியாக நடித்த கேரி ஓல்ட்மேன், கண்ணாடியிலிருந்தே தன் தேடலைத் தொடங்கியவர். இன்னும் நெருங்கியவர் மார்க் ரைலன்ஸ். ராடாவில் படித்து, குளோப் அரங்கைப் பத்தாண்டு நடத்திய மேடைக்காரர். பிபிசியின் ‘வுல்ஃப் ஹால்’ தொடரில் தாமஸ் க்ராம்வெல்லாக மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். ‘பிரிட்ஜ் ஆஃப் ஸ்பைஸ்’ படத்தில் பிடிபட்ட உளவாளியாக எதற்கும் பதறாமல் இருந்து 2016இல் ஆஸ்கர் வாங்கினார். ஸ்மைலியின் ஏழு பகுதிகளையும் க்ராம்வெல்லின் முதல் ஆறையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்த்தவர்களுக்கு யார் யாரிடம் பாடம் கேட்டார் என்பது விளங்கிவிடும்.