கருவிக்கு முன்மாதிரி, ஊருக்கு?

கூட்டுறவுக் கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதும் மென்பொருளை நீங்கள் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டு உழைத்து முழுவதையும் முடித்த பின் காட்டினால், ரசீது போடுபவர், "எங்கள் வழக்கம் இதுவல்லவே" என்று கூறலாம். உழைப்பு வீண். அதற்கு மாறாக, இரண்டே வாரத்தில் ஓர் அரைகுறை முன்மாதிரியைச் செய்து காட்டுங்கள். அவர் சொல்லும் குறைகளைத் திருத்தி மீண்டும் காட்டுங்கள். இதுவே விரைவான வழி.

இம்முறை மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். மலையைக் குடைந்து, சுமார் 2 கி.மீ. சுரங்கத்தின் முடிவில், 50,000 டன் இரும்புக் காந்தக் கருவியை நிறுவுவது திட்டம். இவ்வளவு பெரிய கருவியை எடுத்த எடுப்பில் கட்டிவிட முடியுமா? எனவே விஞ்ஞானிகள் மதுரையில் 85 டன் எடையுள்ள சிறு மாதிரியை அமைத்தனர். 2018-இல் இயங்கத் தொடங்கிய அது, விண்ணிலிருந்து வரும் மியூவான் துகள்களைப் பதிவு செய்தது. சிறியதில் பிழை கண்டு, பெரியதைத் திருத்துவது சரியான அறிவியல் நெறியே.

ஆனால் இந்நெறி கருவியோடு நின்றுவிட்டது என்பதே நம் குறை. முதலில் தேர்ந்த நீலகிரிச் சிங்காராவுக்கு 2009-இல் மத்திய அரசு இசையவில்லை. யானைகள் வாழும் காடு அது. பின்னர் பொட்டிப்புரம் தேர்வாயிற்று. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பாறை வெடிப்பு, நிலத்தடி நீர், அணைகளின் பாதுகாப்பு பற்றிய ஊராரின் ஐயங்கள் தீர்ந்தபாடில்லை. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-இல் மீண்டும் அனுமதி கிடைத்தும், 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது.

"மலை என்ன மென்பொருளா, குடைந்து பார்த்துத் திருத்த?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தவறான நிரலை அழித்து எழுதலாம். குடைந்த மலையை மூட இயலாது. அதனாலேயே மக்களின் கருத்தை முதலில் கேட்டிருக்க வேண்டும். மதுரை மாதிரியைப் போன்ற ஒன்றை, இடம் முடிவாகும் முன்பே ஊராரிடம் காட்டி, வெடி அதிர்வின் அளவையும் நீர்க் கணக்கையும் தமிழில் விளக்கியிருக்கலாம். அவர்கள் சொல்லும் குறைகளுக்கேற்பத் திட்டத்தையே மாற்றவும் ஆயத்தமாக இருந்திருக்கலாம்.

கேட்பதற்கு ஆகும் காலத்தை வீண் என எண்ணுவோர், பின்னர் நீதிமன்றங்களில் பன்மடங்கு காலத்தை இழக்கிறார்கள். நாளை நீங்கள் எதை உருவாக்கினாலும், பயன்படுத்துவோரை மட்டுமல்ல, அதன் பக்கத்தில் வாழ்வோரையும் கேளுங்கள்.