ஜான் ஹூஸ்டன் வைத்த கடைசி விருந்து

1987-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே வாலன்சியா என்ற ஊரில், ஒரு கிடங்குக்குள் டப்ளின் நகரத்து வீடொன்று எழும்பியது. உள்ளே 1904-ஆம் ஆண்டின் ஜனவரிக் குளிர், வெளியே கலிஃபோர்னியா வெயில். இயக்குநர் சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, மானிட்டரைப் பார்த்தபடி காட்சிகளை நடத்திக்கொண்டிருந்தார். வயது எண்பது. நுரையீரல் நோய் முற்றிப்போய், அயர்லாந்துக்குப் பயணம் போக முடியாத உடம்பு. பாதியில் ஏதாவது ஆகிவிட்டால் படத்தை முடித்துக்கொடுக்க கரேல் ரைஸ் என்ற இன்னொரு இயக்குநரைத் தயாராக வைத்திருந்தார்கள். அவருக்கு வேலை வரவில்லை. ஜான் ஹூஸ்டன் தானே எடுத்து முடித்தார்; ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். ‘தி டெட்’ டிசம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது.

இதெல்லாம் தெரிந்துகொண்டு பார்க்க உட்காருகிறவர் கைக்குட்டையோடு உட்காருவார். படமோ அவரை வாசலிலேயே வரவேற்று, கோட்டை வாங்கி மாட்டிவிட்டு, நடனக் கூடத்துக்கு அனுப்பிவிடுகிறது.

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ (1914) தொகுப்பில் வரும் கடைசிக் கதைதான் படத்துக்கு மூலம். கேட், ஜூலியா என்று இரண்டு வயதான சகோதரிகள், இருவரும் இசைக்காரர்கள். ஆண்டுதோறும் அவர்கள் வைக்கும் விருந்துக்கு உறவும் நட்பும் பனியில் நனைந்தபடி வந்து சேர்கின்றன. அக்காள் மகன் கேப்ரியல் தான் பேசவேண்டிய உரையை நினைத்து உள்ளுக்குள் உதறிக்கொண்டிருக்கிறான். ஃப்ரெடி இந்த முறையும் குடித்துவிட்டு வந்திருக்கிறான். அவன் அம்மா முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். வாத்து வறுவலை அறுத்துப் பங்கு வைக்கிறார்கள். செத்துப்போன பழைய ஆபரா பாடகர்களின் பெருமை பேசுகிறார்கள். சவப்பெட்டியில் படுத்துத் தூங்கும் துறவிகளைப் பற்றி ஒரு பேச்சு வருகிறது. அதையும் புட்டிங்கோடு சேர்த்து விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் இப்படியே போகிறது. ‘இழுவை’ என்று பலர் நிறுத்திவிடும் இடமும் இதுதான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காதல் படம் என்று சொல்லிக் கூட்டிவந்துவிட்டு விருந்தையே காட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் பொறுமை போகும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஹூஸ்டன் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கவிதைக்கும் யார் முகம் எப்படி மாறுகிறது என்று கவனிக்க, பார்வையாளரின் கண்ணைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.

ஜூலியா சித்தி பாடுகிறாள். குரல் நைந்துவிட்டது, மணப்பெண் அலங்காரத்தைப் பற்றிய பாட்டு, மணமாகாத கிழவியின் தொண்டையில் அங்கங்கே உடைகிறது. அந்த நேரம் பார்த்து கேமரா கூடத்தைவிட்டு வெளியேறி மாடியறைக்குப் போய்விடுகிறது. அங்கே பழைய புகைப்படங்கள், பூத்தையல் துணி, குட்டிக் குட்டிப் பீங்கான் பொம்மைகள், ஒரு சிலுவை. கீழே பாட்டு தொடர்கிறது. மேலே ஒருத்தியின் மொத்த வாழ்க்கையும் மேசைமேல் பரப்பி வைத்ததுபோல் கிடக்கிறது. மரணம் என்ற சொல்லே இல்லை. படத்தின் ஆகச் சிறந்த இடம் எது என்று கேட்டால் பலர் முடிவைச் சொல்வார்கள். இந்தக் காட்சிதான் அதற்கும் ஒரு படி மேல்.

இன்னொரு கைவேலை, கதையில் இல்லாத ஒரு பாத்திரம். திரைக்கதை எழுதிய மகன் டோனி ஹூஸ்டன், கிரேஸ் என்ற விருந்தினரை உள்ளே விட்டிருக்கிறார். ஏமாற்றப்பட்ட பெண்ணின் புலம்பலாக வரும் பழைய ஐரிஷ் கவிதையொன்றை, லேடி கிரெகரியின் மொழிபெயர்ப்பில் அவர் சொல்கிறார். கூடம் அடங்கிப்போகிறது. கேப்ரியலின் மனைவி கிரெட்டாவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போகிறது. கணவன் அதைக் கவனிப்பதில்லை. நாமும்தான்.

பிறகு விருந்து கலைகிறது. படியிறங்கி வரும் கிரெட்டா பாதியில் நின்றுவிடுகிறாள். மேலே எங்கோ ஒருவர் பாடுகிறார். கைக்குழந்தையோடு மழையில் ஒரு பிரபுவின் வாசலில் நிற்கும் பெண்ணின் கதை சொல்லும் பழைய பாட்டு அது. குரல் ஃபிராங்க் பேட்டர்சன் என்ற ஐரிஷ் பாடகருடையது. அப்போது அவர் கண்ணில் படுவதில்லை. கிரெட்டாவுக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடி சன்னல். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் கணவன். அவன் மனத்தில் அவள்மேல் புதிதாக ஆசை பொங்குகிறது. அவள் மனத்திலோ வேறொருவன்.

விடுதி அறையில்தான் விஷயம் வெளியே வருகிறது. கால்வே ஊரில், பதினேழு வயதில் இறந்துபோன மைக்கேல் ஃப்யூரி அந்தப் பாட்டைப் பாடுவான். அவள் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, நோயோடு மழையில் வந்து அவள் வீட்டருகே நின்றவன். கிரெட்டாவாக நடிக்கும் அஞ்சலிக்கா ஹூஸ்டன் இதை அழகாக அழுது காட்டுவதில்லை; மூக்கை உறிஞ்சி, சொல் தடுமாறி, குழந்தைபோல் அழுது தூங்கிவிடுகிறாள். இயக்குநர் அவளுடைய அப்பா. அவரே கால்வே வட்டாரத்தில் பல ஆண்டுகள் குடியிருந்தவர், 1964-இல் ஐரிஷ் குடியுரிமை வாங்கியவர். ஜாய்ஸின் மனைவி நோராவும் கால்வேக்காரி. இளவயதில் இறந்த ஒரு பையன் அவள் நினைவிலும் இருந்தான். கதைக்கு விதை அங்கிருந்து வந்தது.

குறை இல்லாமல் இல்லை. கடைசியில் கேப்ரியலாக நடிக்கும் டோனல் மக்கானின் குரல் பின்னணியில் ஒலிக்க, பனி விழும் அயர்லாந்து காட்சி காட்சியாக வருகிறது. ஓரிரு படங்கள் வாழ்த்து அட்டை மாதிரி இருக்கின்றன. மக்கானின் குரல் அதைத் தாங்கிப் பிடித்துவிடுகிறது. மனைவியின் வாழ்க்கையில் தனக்கு இருந்த இடம் எவ்வளவு சிறியது என்று கண்டுகொண்டவனுக்குப் பொறாமை வரவேண்டும். வருவது இரக்கம். அந்த மாற்றத்தை அவர் குரலை உயர்த்தாமலே செய்கிறார்.

2009-இல் அமெரிக்காவில் வெளியான டிவிடி ஒன்றில் விருந்தின் முற்பகுதியிலிருந்து சுமார் பத்து நிமிடம் விட்டுப்போய், பிறகு திருத்தி வெளியிட்டார்கள். ‘ஒன்றுமே நடக்காத’ பகுதிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று இருக்க முடியவில்லை, ரசிகர்கள் விடவில்லை.

படம் மொத்தமே 83 நிமிடம். கதையை முதலில் படிப்பதா, படத்தை முதலில் பார்ப்பதா என்றால், படத்தை முதலில். ராத்திரி, நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாருங்கள். விருந்தை மட்டும் ஓட்டிவிடாதீர்கள்.