கழற்றத் தேவையில்லாத லென்ஸ்

நெய்வேலியில் லென்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் கடைசியில் தூசியில்தான் வந்து நிற்கும். டவுன்ஷிப்புக்குள், மர நிழலில், அது அவ்வளவாகத் தெரியாது. மந்தாரக்குப்பம் சாலையில் ஒரு லாரி கடந்து போகட்டும், கேமரா பையின் ஜிப் இடுக்கில்கூடப் புழுதி ஏறியிருக்கும். ஃபியூஜிஃபிலிமின் 35 எம்எம் எஃப்/2 லென்ஸை எக்ஸ்-டி3 பாடியில் மாட்டி மாதக்கணக்கில் இந்தப் புழுதியில்தான் அலைகிறேன். 2015-இல் வந்த லென்ஸ், எடை 170 கிராம், படம் கூர்மை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்குப் பிடித்துப்போனது வேறு. ஃபோகஸ் செய்யும்போது இது மூக்கை நீட்டுவதில்லை. இதற்கு மூத்தது, 2012-இல் வந்த 35 எம்எம் எஃப்/1.4. அதில் கண்ணாடித் தொகுதி மொத்தமும் முன்னும் பின்னும் நகர்ந்துதான் ஃபோகஸ் பிடிக்கும். நீண்டு சுருங்கும் குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு தூசியும் போகும். எஃப்/2-வில் நகர்வதெல்லாம் உள்ளுக்குள்ளேயே. இணைப்புகளில் ரப்பர் அடைப்பும் உண்டு.

ஜூலையில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில், கூட்டம் கிளப்பிய புழுதிக்கு நடுவே மாலை முழுக்க எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அபெர்ச்சர் வளையத்தின் வரிகளில் செம்மண் கோடு கோடாகப் படிந்திருந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு துகள் இல்லை. புளோயரால் நாலு ஊது, துணியால் ஒரு துடை, வேலை முடிந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாடிக்கும் அடைப்பு இருந்தால்தான் முழுப் பலன். எக்ஸ்-டி30, எக்ஸ்-இ4 பாடிகளில் அது கிடையாது. அடைப்புள்ள பாடியானாலும் லென்ஸைக் கழற்றி மாற்றும் அந்தச் சில நொடிகளில் சென்சார் திறந்துதான் கிடக்கும். பிறகு எஃப்/16 வைத்து வானத்தை எடுத்தால் படமெங்கும் கரும்புள்ளி. அதனால் இந்த ஊருக்கு நல்ல லென்ஸ் என்பது வெளியில் கழற்றத் தேவையில்லாத லென்ஸ். முழுச்சட்டக் கணக்கில் ஏறக்குறைய 53 எம்எம் வரும் இந்தப் பார்வைக் கோணத்தில் ஸ்டாலில் புத்தகம் புரட்டும் முகமும் கிடைக்கிறது, தெருவும் கிடைக்கிறது. டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட் முழுசாக வேண்டுமென்றால் பின்னால் நடக்கிறேன்.

எஃப்/1.4 பிரியர்கள் படத்தில் உயிர் இருக்கிறது என்பார்கள். உண்மைதான், அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் புழுதிக் காற்றில் அதை வெளியே எடுக்க எனக்கு மனம் வராது. இதே வரிசையில் 2016-இல் வந்த 23 எம்எம் எஃப்/2-வும் அடைப்புள்ளதுதான். கிட்டத்தில் வைத்து எஃப்/2-வில் எடுத்தால் கொஞ்சம் மென்மையாகிவிடும். ஆனாலும் பார்வை அகலம் என்பதால், வீட்டுக்குள்ளேயே அதிகம் எடுப்பவர்களுக்கு அது போதும்.

என் ஆற்றாமை ஹூட் பற்றித்தான். இத்தனை நேர்த்தியாக உலோகத்தில் செய்த லென்ஸுக்குப் பெட்டியில் வருவது ஒரு குட்டி பிளாஸ்டிக் வளையம். உலோக ஹூட் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும், இந்த விலைக்கு அது நியாயமில்லை. அந்தக் காசில் முதலில் ஒரு நல்ல 43 எம்எம் யூவி ஃபில்டர் வாங்கி மாட்டுங்கள். சட்டை நுனியால் லென்ஸ் துடைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கடையிலேயே மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.