போட்டுப் பார்க்கும் ஆள்

சுடோகு அமைப்பவருக்கு விடை முன்பே தெரியும். அதனாலேயே தன் புதிரின் ஓட்டை அவர் கண்ணில் படுவதில்லை. இரண்டு வரிசை, இரண்டு நிரல், இரண்டே பெட்டிகளுக்குள் அடங்கும் நான்கு கட்டங்களில் 3-உம் 7-உம் மாறி மாறி அமைந்து, நான்கில் ஒன்றுகூட முன்கூட்டித் தரப்படவில்லை என்றால், அவற்றை இடம் மாற்றிப் போட்டாலும் விதி எதுவும் மீறப்படாது. ஒரே விடை இருக்க வேண்டிய புதிருக்கு இரண்டு விடை! இந்தப் பிழையைக் கணினி நொடியில் காட்டிவிடும். புதிர் சுவையானதா என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்: எங்கே சிக்கினார், எங்கே ஊகித்தார், ஒளித்து வைத்த நுட்பத்தைத் தொடாமலே குறுக்கு வழியில் முடித்துவிட்டாரா? புகழ்ச்சியைவிட இந்தக் கடைசிச் செய்திதான் அதிகம் உதவும், கொஞ்சம் வலித்தாலும்.

போடுபவரும் அமைப்பவரும் நெருங்கி வர இதழ்கள் உதவின. 1980-இல் தொடங்கிய ஜப்பானின் நிகோலி இதழ், வாசகர்களையே புதிர் படைக்க வைத்து வளர்ந்தது. 1989-இல் அதில் வந்த ஸ்லிதர்லிங்க் என்ற புதிர், வாசகர்கள் அனுப்பிய இரண்டு புதிர்களின் யோசனைகள் இணைந்து பிறந்தது. இன்று காணொளியும் சேர்ந்துகொண்டது. 2020-இல் மிட்செல் லீ அமைத்த ‘மிராக்கிள் சுடோகு’வில் தரப்பட்டவை இரண்டே எண்கள். யூடியூப்பில் அதைப் போட்டுக் காட்டிய சைமன் ஆன்டனி, ‘இது கேலியாக இருக்குமோ’ என்ற சந்தேகத்தில் தொடங்கி வியப்பில் முடித்தார். அமைத்தவருக்கு ஒவ்வொரு படியும் பார்க்கக் கிடைத்தது.