நாயா, சர்க்கரைவள்ளியா?

சியோல் நகரத்து ஓட்டக்காரர்களிடையே ‘டேங்டேங் ரன்’ பிரபலம். கியோங்போக்குங் அரண்மனை வட்டாரத்தில் சுமார் 8 கிலோமீட்டர் ஓடியோ நடந்தோ முடித்துவிட்டு போனில் ஸ்ட்ராவா என்ற ஆப்பைத் திறந்தால், வரைபடத்தின்மேல் ஆரஞ்சுக் கோட்டில் ஒரு நாய்க்குட்டி தெரியும். ஊரையே தாளாக்கும் இந்த ஜிபிஎஸ் சித்திரங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். படத்தை மறந்துவிட்டாலும் அந்த வழி நடக்கத் தகுந்ததா? நடந்த கதை தெரியாதவருக்கும் அந்தப் படம் ரசிக்குமா?

இரண்டாவதில் மட்டும் தேறியவர் ஜப்பானின் யாசுஷி தகாஹாஷி. தன்னை மணந்துகொள்ளச் சொல்லி, 7,000 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, நாட்டின் நீளத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். கின்னஸில் ஏறியது, காதலியும் சம்மதித்தார். ஆனால் பெரும்பகுதி கார்ப் பயணம். இன்னொருவர் போய்ப் பார்க்க அதில் வழி என்று ஒன்றுமில்லை. கனடாவின் சைக்கிள்காரர் ஸ்டீபன் லுண்ட் கையாளும் உத்தி வேறு. ஓரிடத்தில் பதிவை நிறுத்தி, இன்னோரிடத்தில் தொடங்கினால், ஆப் நடுவே நேர்கோடு போட்டுவிடும். படம் கச்சிதமாக வருகிறது. வீடுகளை ஊடுருவிப் போகும் அந்தக் கோட்டில் சக்கரம் உருளவே இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

சியோல் நாய்க்கு அந்தத் தந்திரம் தேவையில்லை, தெருக்களே போதும். அரண்மனை மதில், சம்சோங்டோங் கடைகள், சாலை மட்டத்துக்குக் கீழே ஓடும் சோங்கேசோன் ஓடை என்று அந்த வட்டாரமே நடக்க ஏற்றது. படம்தான் சுமார். உயரமான கட்டடங்களில் சிக்னல் பட்டுத் திரும்புவதால் கோடு பிசிறடிக்கிறது. சாலையைக் கடக்கப் பச்சை விளக்குக்காக நின்றால், நாம் அசையாவிட்டாலும் புள்ளி நாலைந்து மீட்டர் அலைந்து, நாயின் உடம்பில் ஒரு முடிச்சு விழுந்துவிடும். இதையாவது மன்னிக்கலாம். ‘அடுத்த திருப்பம் எது’ என்று கண் போனிலேயே இருப்பதால், மதிலைப் பார்க்க வந்தவர் மதிலைப் பார்ப்பதில்லை. இது பெரிய குறை. நாய்க்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும்: 3 கிலோமீட்டரில் வீடு திரும்பியிருக்கக்கூடியவரும், தலையில்லாத நாயைப் பதிவிட மனமில்லாமல், மிச்ச 5 கிலோமீட்டரையும் நடந்துவிடுவார்.

அதே ஊரில் ‘கோகுமா ரன்’ ஒன்று உண்டு. கோகுமா என்றால் சர்க்கரைவள்ளி. ஹான் ஆற்றிலுள்ள யோயிடோ தீவை ஒரு சுற்றுச் சுற்றினால், ஏறக்குறைய 8 கிலோமீட்டரில் கிழங்கு வந்துவிடும். யாரும் யோசித்து வரைந்த படமல்ல, தீவின் கரையே அதுதான். ஒரு பக்கம் ஆற்றங்கரைப் பூங்கா. மறுபக்கம் 1997இல் திறந்த செட்காங் சூழலியல் பூங்காவின் நாணலும் வில்லோ மரங்களும். வழி தவற வாய்ப்பே இல்லாததால் போனை எடுக்கவும் வேண்டாம். படமாக அது வெறும் கோணல் உருண்டை, அதற்கு மதிப்பெண் கிடையாது.

எனக்கு முதல் கேள்விதான் கனமானது. அந்தக் கணக்கில் கிழங்கே ஜெயிக்கிறது. ஆனால் சியோலுக்கு முதன்முறை போகிறவருக்கு நாயைத்தான் சொல்வேன், படத்துக்காக அல்ல, பழைய நகரத்தின் நடுவே ஒரு பாதி நாளைக் கழிக்க. செவ்வாய்க்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. மதிலோரமாக நடக்க அது தடையில்லை.