அரண்மனை வாயிலில் நிற்கும் “ஆயின்”

மிலான் நகரத்து அதிபன் ஜான் கலெயாட்சோ விஸ்கோந்தி, பொலோனாவைப் பிடித்து, ஃபிளாரன்ஸ் நகரைச் சூழ்ந்து நின்ற வேளையில், 1402 செப்டம்பரில் காய்ச்சலுக்கு இரையாகாதிருந்தால்? சீசர் போர்ஜியா, தந்தையாகிய போப்பாண்டவர் மாண்ட 1503ஆம் ஆண்டில், தானும் நோய்ப்படுக்கையில் வீழாதிருந்தால்? இப்படி “ஆயின்” ஒன்றை நட்டு, நடவாத வரலாற்றை நடந்ததுபோல் வளர்த்துக் காட்டும் எழுத்து மேல்நாட்டிலே தனித்துறையாகவே தழைத்திருக்கிறது. இத்தாலிய நகர அரசுகள் அதற்கு வளமான வயல். நஞ்சும் வாளும், திருமணமும் துரோகமும் அங்கே அவ்வளவு!

நம் நாட்டில் அந்தத் துறை இல்லை என்று எவரும் எண்ண வேண்டா. “ஆதித்த கரிகாலன் கொல்லப்படாதிருந்தால்?” என்று பெருமூச்செறியாத வீடு எது? 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ அந்தப் பெருமூச்சை ஊருக்கு ஊர் பரப்பிற்று. 2022லும் 2023லும் அது திரைப்படமாகவும் வந்தது. கல்கியின் நடையழகை நாம் மறுக்கவில்லை. படிப்போரைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்லும் ஆற்றல் அவருக்குண்டு. எங்கே இழுத்துச் செல்கிறார் என்பதே நம் கேள்வி.

அப்புதினத்தில் இரவிதாசன் யார்? காட்டிலும் இடிபாட்டிலும் கூடிச் சூழ்ச்சி செய்யும் மந்திரவாதி. பாண்டியனுக்காகப் பழிவாங்கப் புறப்பட்டவன். கொலையாளி யார் என்பதையோ ஆசிரியர் புகைமூட்டத்திலேயே விட்டுவிடுகிறார். சரி, கல் என்ன சொல்கிறது? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்லியே சுட்டுகிறது: சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன். “பிரமாதிராசன்” என்பது காட்டு மந்திரவாதிக்கு வாய்க்கும் பட்டமா? அரசுப் பணியில் உயர்ந்த பார்ப்பனர்க்கு அளிக்கப்பட்ட விருது அது. புதினம் மந்திரவாதியைக் காட்டுகிறது. கல்லோ அதிகாரியைக் காட்டுகிறது.

தண்டனையைப் பாருங்கள். அவர்களுடைய நிலமும் உடைமையும், உறவினர் உடைமையும் பறிக்கப்பட்டன. அந்நிலத்தில் ஒரு பகுதி விலையாகிக் கோயில் அறத்துக்கு விடப்பட்டது. தலை கொய்ததாக அக்கல்லில் ஒரு சொல்லும் இல்லை. பார்ப்பனன் எக்குற்றம் செய்யினும் அவனைக் கொல்லலாகாது என்று மனு விதித்தது நாம் அறியாததன்று. அந்தப் பறிமுதலும் எப்போது? கொலைக்குப் பின் உத்தமசோழன் 985 வரை ஆண்டு முடித்து, இராசராசன் பட்டத்துக்கு வந்த பிறகு!

இத்தாலியில் இதற்கு இணையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1478 ஏப்ரல் 26. ஃபிளாரன்ஸ் பேராலயத்தில் வழிபாடு நடக்கும்போதே மெடிசிக் குடும்பத்து ஜூலியானோ குத்திக் கொல்லப்பட்டான். அண்ணன் லொரென்சோ தப்பினான். சூழ்ச்சியில் பங்குகொண்ட பைசா நகரத்துப் பேராயர் சல்வியாத்தியை, அங்கி அணிந்த மதத் தலைவர் என்றும் பாராமல், அரசு மாளிகைச் சாளரத்தில் தூக்கிலிட்டனர். போப்பாண்டவர் சீறினார்; லொரென்சோவை மதத்திலிருந்து விலக்கினார்; நகரம் கலங்கவில்லை. அந்தக் கொடுமையை நாம் போற்றவில்லை. ஆயினும், புனிதப் போர்வை அங்கே கழுத்தைக் காக்கவில்லை, இங்கே காத்தது என்ற வேறுபாட்டை எந்தச் சோழர் புதினம் எடுத்துக் காட்டிற்று?

இவ்வகை எழுத்தின்மீது நம் பெருங்குறை இன்னொன்று. அதன் “ஆயின்” எப்போதும் அரண்மனை வாயிலிலேயே நிற்கிறது. இளவரசன் பிழைத்திருந்தால், அரசி வேறொருவனை மணந்திருந்தால் என்றே கேட்கும். கம்பளிக்குச் சிக்கெடுத்தவன் வென்றிருந்தால் என்று கேட்பதில்லை. அப்படி ஒருவன் வென்றான் ஐயா! 1378 சூலையில், சியோம்பிகள் எனப்பட்ட ஃபிளாரன்ஸின் கம்பளித் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து ஆட்சியைக் கைப்பற்றினர். மிக்கேலே தி லாந்தோ என்னும் கம்பளித் தொழிலாளி நகரின் முதற்பதவியில் அமர்ந்தான். சில வாரங்களில், ஆகஸ்டு முடிவதற்குள், அவர்கள் நசுக்கப்பட்டனர். மாக்கியவெல்லி தம் ஃபிளாரன்ஸ் வரலாற்றில், பெயரில்லாத் தொழிலாளி ஒருவன் வாயிலாக, ஆடையைக் களைந்துவிட்டால் மாந்தர் எல்லாரும் ஒன்றே என்ற கருத்தைப் பேசவைக்கிறார். மெடிசிக் குடும்பத்துப் போப்பாண்டவர்க்கே காணிக்கையான நூலில் இது!

இனி நம் ஊருக்கு வருவோம். பெண்ணாடம் என்றால் மெய்கண்டார் பிறந்த ஊர் என்பர். தூங்கானைமாடக் கோயிலைக் காட்டுவர். 1429ஆம் ஆண்டைப் பேசுவார் இல்லை. விசயநகரத்து இரண்டாம் தேவராயன் காலம் அது. பெண்ணாடம், விருத்தாசலம், ஆடுதுறை, கொறுக்கை முதலிய ஊர்களில் அவ்வாண்டுக் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற சாதித் தொகுதிகள், ஓரிடத்தில் கூடின. நாம் ஒன்றுபடாமையாலன்றோ அரசு அதிகாரிகளும் நிலத்துக்குரிய பார்ப்பனரும் வேளாளரும் நம்மை நெருக்குகின்றனர் என்று உணர்ந்தன. கேட்ட வரியையெல்லாம் கொடுப்பதில்லை. நெருக்குவோர்க்குப் புகலிடம் தருவதில்லை. அவர்க்காக நாட்டவர் எவரும் கணக்கெழுதுவதில்லை என்று முடிவெடுத்தன. கொடுக்கத்தக்க வரி இவ்வளவு என்று தாமே வரையறுத்துக் கல்லிலும் வெட்டின. ஒத்துழையாமை என்ற சொல் நாட்டில் உலவுவதற்கு ஐந்நூறு ஆண்டு முன்னர் இவ்வளவும்!

அந்த ஒற்றுமையைச் சாதியற்ற பொன்னுலகமாக நாம் புனைய மாட்டோம். சாதிப் பெயராலேயே கூடினர். சாதிப் பெயராலேயே பிரிந்தனர். 1652லும் 1707லும் சென்னைப்பட்டினத்தில் இதே இரு கைகளும், எத்தெருவில் எவர் ஊர்வலம் போவது என்று மோதிக்கொண்டன. கும்பெனிக்காரன் நடுவராய் நாற்காலியில் அமர்ந்தான். 1429இன் கூட்டு இருபது ஆண்டு நிலைத்திருந்தால்? வெள்ளாற்றங்கரையில் வரி விதிக்கும் உரிமை உழுபவனிடமும் நெய்பவனிடமும் தங்கியிருந்தால்? கரிகாலனுக்காகப் பெருமூச்செறியும் எழுத்தாளத் தோழர் எவரேனும் இந்த “ஆயின்”மீது எழுதுகோலை ஊன்றட்டும். கணக்கெழுத மாட்டேன் என்று ஓலையைக் கீழே வைத்த பெண்ணாடத்துக் கணக்கன் அன்றிரவு வீட்டிற்குப் போய் மனைவியிடம் என்ன சொன்னான் என்பதே முதல் அத்தியாயமாகட்டும். விமர்சிக்க நாம் காத்திருக்கிறோம்.