ஆடிட்டிங்கை விட்டு ஒயினுக்கு வந்தேன்

இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று ஏன் யாரும் முன்னாலேயே சொல்லவில்லை? சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வருடக்கணக்காக ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தவள் நான். இப்போது நாசிக்கில் ஓர் ஒயின் ஆலையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தொட்டி கழுவுகிறேன். சம்பளம் பாதிக்கும் கீழே. முதுகு வலிக்கிறது. பிப்ரவரி முழுக்க நகக்கண்ணில் ஏறிய ஊதா போகவே போகாது. ஆனாலும் அலாரத்துக்கு முன்பே எழுந்துவிடுகிறேன், ஆபீஸ் காலத்தில் ஒருநாளும் நடக்காத அதிசயம்!

அம்மாவுக்கு ஒயின் என்றாலே டாஸ்மாக்தான். "சி.ஏ. இன்டர் முடிச்சவ சாராயம் காய்ச்சப் போறியாடி?" என்றாள். ஒயினுக்கு அடுப்பே கிடையாது, பழத்தில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது என்று விளக்கினேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று போனை வைத்துவிட்டாள்.

இந்த ஊர்க் கொடியின் கதையே தனி. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். அறுவடை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். நாசிக்கில் கொடிக்குத் தூக்கம் கிடையாது. அறுவடை முடிந்து ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து. இரண்டு கவாத்துக்கு ஒரே விளைச்சல், அதுவும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் பன்னீர் திராட்சை தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியும். ஆனால் ஒயின் திராட்சை பழுக்கும்போது மழை ஆகாது. பகலில் வெயில், ராத்திரியில் குளிர், இரண்டும் வேண்டும். அந்த இரண்டையும் தக்காணத்து ஜனவரி அள்ளிக் கொடுக்கிறது.

எந்த நாளில் பறிப்பது என்று முடிவெடுக்கும் சடங்கு எனக்கு உயிர். கையில் ரிஃப்ராக்டோமீட்டரோடு வரிசை வரிசையாக நடப்போம். பழச்சாறு ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் சர்க்கரை அளவு தெரியும். சிவப்பு ஒயினுக்கு 23, 24 பிரிக்ஸ் வந்தால் முகம் மலரும். கூடவே வரும் மாவ்ஷி (மராத்தியில் சித்தி; தோட்டத்து மூத்த பெண்மணியை அப்படித்தான் கூப்பிடுகிறோம்) அந்தக் கருவியைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பழத்தை வாயில் போட்டு, தோலை மென்று, விதையைத் துப்பி உள்ளங்கையில் உருட்டுவார். விதை பச்சையாக இருந்தால் "அஜூன் நாஹி, தாயி", இன்னும் ஆகவில்லையாம். வறுத்த வேர்க்கடலை மாதிரி பழுப்பேறி, பல்லில் நறுக்கென்று உடைந்தால்தான் கத்திரியை எடுப்பார். கருவி சர்க்கரையை மட்டும் சொல்லும். தோலும் விதையும் பழுத்ததை நாக்குதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஆலை! ஷிராஸ் திராட்சைத் தொட்டியில் நொதித்தல் தொடங்கிய மறுநாள் மேலே ஏறிப் பாருங்கள். வாயு தள்ளிவிட்டதில் தோலெல்லாம் மேலே மிதந்து, கனத்த பாளமாகக் கட்டி நிற்கும். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. அதனால் அடியிலிருந்து சாற்றை இழுத்து மேலே ஊற்றி, நாளுக்குச் சில தடவை பாளத்தை நனைக்கிறோம். குழாயைப் பிடித்திருக்கும்போது எழும் வாசனை இருக்கிறதே! முதலில் பொங்கிய மாவு, பிறகு பிளம்ஸ், கடைசியில் மிளகு. கொஞ்சம் குனிந்தால் கரியமில வாயு மூக்கில் சுருக்கென்று ஏறும் (அது ஆளையே சாய்த்துவிடும், காலித் தொட்டிக்குள்கூடச் சோதிக்காமல் யாரும் இறங்கக்கூடாது). ஸ்டீல் சுவரில் காதை வைத்தால் உள்ளே இரைச்சல் கேட்கும். தினமும் காலையில் சர்க்கரை அளவைக் குறித்துக்கொள்கிறேன். எண் இறங்க இறங்க எல்லோருக்கும் சந்தோஷம், ஒருத்தரும் விளக்கம் கேட்பதில்லை. கணக்குப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

மீதி நேரமெல்லாம் கழுவல்தான். தொட்டி, குழாய், பம்ப், தரை. யாரும் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு: எங்கிருந்தோ வந்தவர்களையும் ராஜாவாக்கும். 1976-இல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் மறைத்துச் சுவைத்த போட்டியில், சிவப்பில் முதலிடம் பிடித்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லார்ஸ். அதன் நிறுவனர் வாரன் வினியார்ஸ்கி சிகாகோ பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்துவிட்டு, 1964-இல் குடும்பத்தோடு நாபாவுக்குப் போய் இன்னோர் ஆலையில் எடுபிடியாகத் தொடங்கியவர். வெள்ளையில் ஜெயித்த ஷாட்டோ மோன்டலீனாவை நடத்திய ஜிம் பாரெட் ஒரு வக்கீல். நாசிக்கிலேயே பாருங்கள்: ஆரக்கிள் வேலையை விட்டுவிட்டு அமெரிக்காவிலிருந்து திரும்பிய ராஜீவ் சமந்த், குடும்ப நிலத்தில் கொடி நட்டு 2000-இல் தன் சூலா ஆலையின் முதல் ஒயினை வெளியிட்டார். எனக்குச் சொந்தமாக ஒரு செடிகூட இல்லை; இருந்தாலும் இந்தப் பட்டியலைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது!

ஆபீசில் உட்கார்ந்து இதைப் படித்து ஏங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜினாமாவை உடனே நீட்டாதீர்கள். லண்டனில் 1969-இல் தொடங்கிய ஒயின் கல்வி அமைப்பான டபிள்யூ.எஸ்.இ.டி. நடத்தும் அடிப்படைப் பாடத்தை வேலையில் இருந்தபடியே படிக்கலாம். அதைவிட முக்கியம், லீவு போட்டு ஓர் அறுவடையில் கை வைப்பது. அந்தப் பருவத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் ஆலைகள் உண்டு; நவம்பரிலேயே எழுதிக் கேளுங்கள். பூட்ஸை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், உள்ளே கம்பளி சாக்ஸுக்கு இடம் வேண்டும். நாசிக்கில் ஜனவரி விடியற்காலை 10 டிகிரிக்கும் கீழே போகும்.